பாக்கெட் தின்பண்டங்களின் சேர்மானங்கள்: பெரியவர்களுக்கு எது சிக்கல், எது இல்லை?

இந்தப் பதில்கள் பெரியவர்களுக்கு மட்டும். கணக்குகள் எல்லாம் 60 கிலோ எடை உள்ளவரை வைத்துப் போட்டவை. குழந்தைகளுக்கு இதே அளவுகளைப் பொருத்தக் கூடாது.

கேள்வி: பாக்கெட்டின் பின்னால் வரிசையாக எண்கள். எண்கள் அதிகம் இருந்தால் வாங்கக் கூடாது என்கிறார்களே, சரியா?

எண்களை எண்ணிப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். 300 என்பது வைட்டமின் சி, 330 சிட்ரிக் அமிலம், 500 சமையல் சோடா, 100 மஞ்சளின் நிறமி. 100 வரிசையில் நிறமிகள், 200-ல் கெடாமல் காப்பவை, 300-ல் பெரும்பாலும் எண்ணெய் சிக்கு அடிக்காமல் தடுப்பவையும் அமிலங்களும், 400-ல் கெட்டிப்படுத்துபவை, 600-ல் சுவை கூட்டிகள், 900-ல் இனிப்பூட்டிகள். ஓர் எண் இருக்கிறது என்றால் அந்தப் பொருளை அடையாளம் கண்டு வரிசைப்படுத்தியிருக்கிறார்கள் என்று பொருள். அது ஆபத்து என்பதற்கான அறிகுறி அல்ல.

முதலில் பார்க்க வேண்டியது பட்டியலின் முதல் மூன்று பெயர்கள். சேர்மானங்கள் எடை வரிசையில் இறங்குமுகமாகத்தான் எழுதப்படும். அந்த மூன்றுக்குள் சர்க்கரையோ எண்ணெயோ வந்துவிட்டால் மீதி எண்களைப் பற்றிக் கவலைப்படுவதற்கு முன் அதைக் கவனியுங்கள். அடுத்தது 100 கிராமுக்கான சோடியம். ஒரு பரிமாறலுக்கு என்று போட்டிருக்கும் அளவை நம்பி நிற்காதீர்கள். பரிமாறல் 20 கிராம் என்று இருக்கும், பாக்கெட் 150 கிராம் இருக்கும்.

கேள்வி: சுவையூட்டிய சிப்ஸ் சாப்பிட்டால் எனக்குத் தலைவலி வருகிறது. 621 போட்டிருக்கிறது. அதுதான் காரணமா?

621 என்பது மோனோசோடியம் குளூட்டமேட். இதே குளூட்டமேட் தக்காளியிலும் காளானிலும் பாலாடைக்கட்டியிலும் இயற்கையாகவே உண்டு. உடல் இரண்டையும் ஒரே மாதிரிதான் செரிக்கிறது. உணவோடு உள்ளே போகும் குளூட்டமேட்டின் பெரும்பகுதியைக் குடல் செல்களே எரிபொருளாகப் பயன்படுத்திவிடும்.

அதற்காக உங்கள் தலைவலி பொய் என்று சொல்ல மாட்டேன். உணவில்லாமல் ஒரே நேரத்தில் 3 கிராமோ அதற்கு மேலோ எடுத்தால் சிலருக்குத் தலைவலி, முகம் சிவத்தல், படபடப்பு லேசாக வந்து அடங்குவதாக அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் குறிப்பிடுகிறது. சேர்த்த உணவின் ஒரு பரிமாறலில் பொதுவாக அரை கிராமுக்கும் குறைவாகத்தான் இருக்கும். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2017-ல் ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்கு 30 மில்லிகிராம் என்று வரம்பு வைத்தது. 60 கிலோ என்றால் 1.8 கிராம். பெரிய பாக்கெட்டை வெறும் வயிற்றில் காலி செய்து, அதே நாளில் சூப் தூள், மசாலா கலவை என்று தொடர்ந்தால் இந்த வரம்பைத் தாண்டுவது சாத்தியம்தான்.

உங்களுக்கு ஒத்துக்கொள்கிறதா என்று பார்க்க ஒரு வழி: ஒரே நிறுவனத்தின் வெறும் உப்புச் சிப்ஸையும் சுவையூட்டியதையும் வெவ்வேறு நாட்களில், ஒரே அளவு, ஒரே நேரம், வயிறு ஒரே நிலையில் இருக்கும்போது சாப்பிடுங்கள். தலைவலி தொடங்கிய நேரத்தை எழுதி வையுங்கள். இப்படி மூன்று நான்கு முறை பார்த்தால்தான் எதையும் சொல்ல முடியும். உப்புச் சிப்ஸுக்கும் வலி வந்தால் 621 அல்ல காரணம். தண்ணீர் குடிக்காதது, சாப்பாட்டைத் தள்ளிப் போட்டது போன்றவற்றைப் பாருங்கள். ஒத்துக்கொள்ளவில்லை என்று உறுதியானால் 621 மட்டும் இல்லாத பாக்கெட்டைத் தேடினால் போதாது. ஈஸ்ட் சாறு, நீராற்பகுக்கப்பட்ட தாவரப் புரதம் ஆகியவற்றிலும் குளூட்டமேட் இருக்கிறது.

கேள்வி: 627, 631 கூடவே வருகின்றனவே. எனக்கு யூரிக் அமிலம் அதிகம்.

இவை குவானிலேட், இனோசினேட். உடலில் உடையும்போது இவற்றின் பியூரின் பகுதி யூரிக் அமிலமாக மாறும். சேர்க்கும் அளவு மிகக் குறைவு, ஆனாலும் கவுட் வந்து மூட்டு வீங்கும் பழக்கம் உள்ளவர்கள் தவிர்ப்பது நல்லது. 635 என்பது இவ்விரண்டின் கலவை, அதையும் சேர்த்துப் பாருங்கள். 631 மீன், இறைச்சியிலிருந்தும் தயாராகும், நொதித்தலிலும் தயாராகும். சைவம் கடைப்பிடிப்பவர்கள் சைவக் குறி இருக்கிறதா என்று பார்த்து வாங்கலாம்.

கேள்வி: டிபிஎச்க்யூ பெட்ரோலியத்திலிருந்து எடுக்கும் விஷம் என்று ஒரு காணொளி. 319 உள்ள பிஸ்கட்டைத் தூக்கி எறியவா?

எறிய வேண்டாம், கணக்குப் போட்டுப் பாருங்கள். டிபிஎச்க்யூவின் எண்தான் 319. 319-ஐ எண்ணெயில் கிலோவுக்கு 200 மில்லிகிராமுக்கு மேல் சேர்க்கக் கூடாது என்பது பரவலாகக் கடைப்பிடிக்கப்படும் உச்ச வரம்பு. 30 கிராம் சிப்ஸில் சுமார் 35 சதவீதம் எண்ணெய், அதாவது 10.5 கிராம். உச்ச அளவு சேர்த்திருந்தாலும் அதில் 2.1 மில்லிகிராம்தான் இருக்கும். உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பும் சேர்ந்து நடத்தும் நிபுணர் குழுவின் தினசரி வரம்பு கிலோ எடைக்கு 0.7 மில்லிகிராம், உங்களுக்கு 42. அந்த வரம்பைத் தொட ஒரே நாளில் 600 கிராம் சிப்ஸ் சாப்பிட வேண்டும். அவ்வளவு சாப்பிட்டால் 319-க்கு முன்னால் உப்பும் கொழுப்பும்தான் உங்களைப் படுக்க வைக்கும்.

இதை ஏன் சேர்க்கிறார்கள் என்பதையும் யோசியுங்கள். சிப்ஸ் மெல்லிய தகடு, இரண்டு பக்கமும் எண்ணெய்ப் படலம். காற்றும் வெளிச்சமும் பட்டால் அந்த எண்ணெய் வேகமாக ஆக்சிஜனேற்றம் அடைந்து பெராக்சைடுகளும் ஆல்டிஹைடுகளும் உண்டாகும். 319 அந்தத் தொடர்வினையை நிறுத்துகிறது. சிக்கு வாடை வந்த தின்பண்டத்தை உண்பது எனக்கு 319-ஐவிடப் பெரிய கவலை. பாக்கெட்டைத் திறந்ததும் பெயின்ட் அல்லது பழைய அட்டைப்பெட்டி வாடை வந்தால், நாக்கின் பின்புறம் கார்ப்பாக உறுத்தினால், தேதி மிச்சமிருந்தாலும் கொட்டிவிடுங்கள். மூடிய பாக்கெட்டில் நைட்ரஜன் நிரப்பியிருப்பார்கள். திறந்ததும் அந்தக் காவல் போய்விடுகிறது. எனவே மீதியைக் காற்றுப் புகாத, வெளிச்சம் படாத டப்பாவில் போட்டு இரண்டு மூன்று நாளில் முடித்துவிடுங்கள்.

320 பற்றிப் பலர் கேட்டிருந்தீர்கள். பிஎச்ஏ எனப்படும் இது மிக அதிக அளவில் எலிகளின் முன்வயிற்றில் கட்டி உண்டாக்கியது. அந்த உறுப்பு மனிதர்களுக்கு இல்லை. இருந்தாலும் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை இதை 2பி பிரிவில், அதாவது மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கலாம் என்ற பிரிவில் வைத்திருக்கிறது. ஒரே விலைக்கு இது இல்லாத பொருள் கிடைத்தால் அதையே எடுங்கள். ஏற்கெனவே சாப்பிட்டதை நினைத்து அஞ்ச வேண்டியதில்லை.

கேள்வி: "டிரான்ஸ் கொழுப்பு 0 கிராம்" என்றிருந்தால் உண்மையிலேயே பூஜ்யமா?

எப்போதும் அல்ல. அமெரிக்க விதிப்படி ஒரு பரிமாறலில் 0.5 கிராமுக்குக் குறைவாக இருந்தால் 0 என்று போடலாம். பரிமாறலுக்கு 0.4 கிராம் இருந்து நீங்கள் மூன்று பரிமாறல் சாப்பிட்டால் 1.2 கிராம். மொத்த ஆற்றலில் 1 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. 2000 கலோரி சாப்பிடுபவருக்கு அது நாளுக்கு 2.2 கிராம்தான். எனவே எண்ணை விட்டுவிட்டுச் சேர்மானப் பட்டியலைப் படியுங்கள். "பகுதி ஹைட்ரஜனேற்றம் செய்த" எண்ணெய் என்று இருந்தால் வாங்காதீர்கள், இதயத்துக்குக் கெடுதலான டிரான்ஸ் கொழுப்பு முக்கியமாக இதிலிருந்துதான் வருகிறது. இந்தப் பதில்களிலேயே நான் தயக்கமின்றி வேண்டாம் என்று சொல்லும் சேர்மானம் இதுதான். முழுமையாக ஹைட்ரஜனேற்றம் செய்ததில் டிரான்ஸ் கொழுப்பு ஏறக்குறைய இல்லை, ஆனால் நிறைவுற்ற கொழுப்பு உண்டு.

பாமாயிலில் டிரான்ஸ் பிரச்சினை இல்லை. அதில் ஏறத்தாழ பாதி நிறைவுற்ற கொழுப்பு, அதனால் அளவுதான் விஷயம்.

கேள்வி: இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். சோடியம் குறைந்த சிப்ஸ் எனக்கு நல்லதுதானே?

வாங்கும் முன் ஒரு நிமிடம் பட்டியலைப் படியுங்கள். 508 அல்லது பொட்டாசியம் குளோரைடு என்று இருக்கிறதா? உப்பின் ஒரு பகுதியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இதைப் போடுவார்கள். சிறுநீரகம் நன்றாக இருப்பவர்களுக்கு இது நன்மையே. ராமிப்ரில், எனலாப்ரில், லோசார்ட்டன், டெல்மிசார்ட்டன், ஸ்பைரோனோலாக்டோன் போன்ற மருந்துகள் பொட்டாசியத்தை உடலில் தங்க வைக்கும். அதோடு சிறுநீரகமும் தளர்ந்திருந்தால் இரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பே தாறுமாறாகலாம். மருத்துவரிடம் மருந்தின் பெயரைச் சொல்லிக் கேட்ட பிறகே இந்த வகையை வழக்கமாக்குங்கள்.

சோடியம் கணக்கு எளிது. சோடியத்தை 2.5-ஆல் பெருக்கினால் உப்பு. பெரியவர்களுக்கு நாளுக்கு 2 கிராம் சோடியத்துக்குள், அதாவது 5 கிராம் உப்புக்குள். 100 கிராமில் 600 மில்லிகிராம் சோடியம் உள்ள பாக்கெட்டில் 30 கிராம் சாப்பிட்டால் 180 மில்லிகிராம்தான். 150 கிராம் பாக்கெட் முழுவதும் என்றால் 900, ஒரு நாள் உப்பில் கிட்டத்தட்ட பாதி. நாக்கை நம்பவும் முடியாது. சிப்ஸில் உப்பு மேற்பரப்பில் ஒட்டியிருப்பதால் உடனே கரிக்கும். இனிப்பு பிஸ்கட்டில் சமையல் சோடா வழியாக வரும் சோடியம் நாக்குக்குத் தெரியவே தெரியாது.

கேள்வி: சிறுநீரக நோயாளி எதைத் தேடிப் பார்க்க வேண்டும்?

பொட்டாசியத்தோடு பாஸ்பேட்டும். 338 முதல் 341 வரை, 450 முதல் 452 வரை, 541. பேக்கிங் பவுடர் சேர்த்த கேக், கிராக்கர், பாலாடைக்கட்டித் தூள் தூவியவற்றில் இவை வரும். பயறு, கொட்டைகளில் இயற்கையாக உள்ள பாஸ்பரஸின் ஒரு பகுதிதான் உடலில் சேரும். சேர்க்கப்பட்ட பாஸ்பேட் ஏறக்குறைய முழுவதும் சேர்ந்துவிடும். எவ்வளவு பாஸ்பரஸ் என்று பல பாக்கெட்டுகளில் போடுவதே இல்லை, எனவே எண்களை வைத்துத்தான் பிடிக்க வேண்டும்.

கேள்வி: சர்க்கரை இல்லாத பிஸ்கட் சாப்பிட்டால் வயிறு உப்பி, பேதியும் ஆகிறது. கெட்டுப்போனதா?

பெரும்பாலும் கெட்டுப்போனதல்ல. சார்பிட்டால் (420), மால்டிட்டால் (965) போன்ற சர்க்கரை ஆல்கஹால்களைச் சிறுகுடல் முழுவதும் உறிஞ்சாது. மீதி பெருங்குடலுக்குப் போய்த் தண்ணீரை இழுக்கும், அங்குள்ள பாக்டீரியா நொதிக்க வைத்து வாயுவை உண்டாக்கும். சார்பிட்டால் 10 கிராமிலேயே பலருக்கு வயிறு உப்பும், 20 கிராமைத் தாண்டினால் பேதியாகும். குடல் எரிச்சல் நோய் உள்ளவர்களுக்கு அதற்கும் குறைவிலேயே. ஒரு நேரத்துக்கு இரண்டு பிஸ்கட்டோடு நிறுத்திப் பாருங்கள்.

நீரிழிவு உள்ளவர்கள் மால்டோடெக்ஸ்ட்ரினைக் கவனியுங்கள். இது சர்க்கரை வரியில் பெரிதாகத் தெரியாது, ஆனால் இரத்தச் சர்க்கரையைக் குளுக்கோஸ் போலவே விரைந்து ஏற்றும். மொத்த மாவுச்சத்து வரியைப் பார்த்தே அளவை முடிவு செய்யுங்கள்.

கேள்வி: அஸ்பார்டேம் புற்றுநோய் பட்டியலில் சேர்ந்துவிட்டதாமே?

இந்தச் செயற்கை இனிப்பூட்டியை அதே புற்றுநோய் ஆய்வு முகமை 2023 ஜூலையில் 2பி பிரிவில் சேர்த்தது. சான்று குறைவாக இருக்கும்போது போடும் பிரிவு அது. அதே நாட்களில் நிபுணர் குழு தினசரி வரம்பை கிலோவுக்கு 40 மில்லிகிராம் என்றே வைத்துக்கொண்டது. உங்களுக்கு 2400. ஃபீனைல்கீட்டோனூரியா (ஃபீனைலலனின் என்ற அமினோ அமிலத்தை உடலால் உடைக்க முடியாத பிறவிக் குறைபாடு) உள்ளவர்கள் மட்டும் அறவே தொடக் கூடாது.

கேள்வி: ஆஸ்துமா உண்டு. உலர் பழம் ஆரோக்கியம் என்று சாப்பிட்டேன், மூச்சு இறுகியது.

220 முதல் 228 வரை உள்ள எண்கள் சல்ஃபைட், உலர் பழத்தைக் கெடாமல் காக்கச் சேர்ப்பது. ஆஸ்துமா உள்ளவர்களில் சிலருக்கு இது சில நிமிடங்களில் மூச்சுக்குழலைச் சுருக்கும். பளிச்சென்ற ஆரஞ்சு நிறத்தில் உள்ள உலர் ஆப்ரிகாட்டைப் பாருங்கள், அந்த நிறத்தைக் காப்பாற்றியது சல்ஃபைட். அது சேர்க்காதது கரும்பழுப்பாக, சுருங்கிப்போய் இருக்கும், ஆனால் சாப்பிட நன்றாகவே இருக்கும். கிலோவுக்கு 1000 மில்லிகிராம் உள்ள பழத்தில் 30 கிராம் எடுத்தாலே 30 மில்லிகிராம். பழைய தினசரி வரம்பான 42-க்கு அது பக்கத்தில் வந்துவிடுகிறது. போதிய தரவு இல்லை என்று ஐரோப்பிய ஆணையம் அந்த வரம்பையே 2022-ல் விலக்கிக்கொண்டது. கழுவினால் முழுதாகப் போகாது. உருளைக்கிழங்கு மாவில் அச்சிட்டுச் செய்யும் சிப்ஸிலும் 223 வரலாம். ஒருமுறை மூச்சு இறுகிய நீங்கள் சோதித்துப் பார்க்கவே வேண்டாம், முற்றிலும் தவிருங்கள். மருத்துவரிடமும் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: நிறமிகளில் எதை விலக்கலாம்?

171, டைட்டானியம் டை ஆக்சைடு. மரபணுவைச் சேதப்படுத்தும் சாத்தியத்தை மறுக்க முடியவில்லை என்று ஐரோப்பிய ஆணையம் 2021-ல் சொன்னது, 2022-ல் அங்கே தடை வந்தது. உலகளாவிய நிபுணர் குழு 2023-ல் பாதுகாப்பானதே என்றது. கருத்து பிளவுபட்டிருக்கிறது. வெண்மைக்காக மட்டும் சேர்ப்பது என்பதால் விலக்குவதில் இழப்பில்லை. 127 என்ற சிவப்பு நிறமிக்கான அனுமதியை அமெரிக்கா 2025 ஜனவரியில் ரத்து செய்தது. 102 என்ற மஞ்சள் நிறமி சிலருக்குத் தோல் தடிப்பு தரும்.

கேள்வி: பட்டியலில் இல்லாத ஆபத்து ஏதாவது உண்டா?

உண்டு, அக்ரிலமைடு. புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்று கருதப்படும் வேதிப்பொருள் இது. உருளையில் உள்ள அஸ்பராஜின் என்ற அமினோ அமிலமும் சர்க்கரையும் 120 டிகிரிக்கு மேல் சேர்ந்து சிவக்கும்போது தானாகவே உருவாகும். 2002-ல்தான் உணவில் இது கண்டறியப்பட்டது. ஐரோப்பாவில் உருளைச் சிப்ஸுக்குக் குறியீட்டு அளவு, அதாவது தயாரிப்பாளர்கள் இதற்குள் வைத்திருக்க முயல வேண்டிய அளவு, கிலோவுக்கு 750 மைக்ரோகிராம். எண்ணெயில் பொரிக்காமல் சுட்டது என்பதால் இது குறைவாக இருக்கும் என்று எண்ணாதீர்கள். பாக்கெட்டில் கரும்பழுப்பான துண்டுகளைப் பொறுக்கிப் போட்டுவிட்டு இளமஞ்சள் துண்டுகளை மட்டும் சாப்பிடுங்கள்.

இன்னொன்று கொட்டைகளில் அஃப்ளடாக்சின். பூஞ்சையின் நஞ்சான இது வறுத்தாலும் முழுதாக அழியாது. சுருங்கியது, நிறம் மாறியது, கசப்பது ஒன்று வாயில் பட்டாலும் விழுங்காமல் துப்பிவிடுங்கள். கைப்பிடியாக அள்ளி வாயில் போட்டால் இது தெரியாது, நான்கைந்தாக எடுத்துப் பார்த்துச் சாப்பிடுங்கள்.