வில்லாளி ஏன் வாளை உருவுவதில்லை?

கேள்வி: கற்பனை உலக விளையாட்டுகளில், எதிரி கைக்கெட்டும் தூரத்துக்கு வந்துவிட்ட பிறகும் வில்லாளிகள் வாளை உருவாமல் அம்பையே தொடுக்கிறார்களே, இது பிடிவாதமா, கணக்கா?

பதில்: பெரும்பாலும் கணக்குதான். பகடை உருட்டி ஆடும் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்னும் கற்பனை விளையாட்டின் 2014ஆம் ஆண்டு விதிகளை எடுத்துக்கொள்வோம். நெடுவில்லுக்கும், ஒரு கையில் வீசும் நெடுவாளுக்கும் சேதத்தைத் தீர்மானிப்பது ஒரே எட்டுமுகப் பகடைதான். ஆனால் வில்லுக்குச் சுறுசுறுப்பும் வாளுக்கு உடல் வலிமையும் துணை நிற்கின்றன. சுறுசுறுப்பை 18 வரை வளர்த்து (பகடை எண்ணோடு 4 கூடும்), வலிமையை 10இல் விட்டுவிட்ட (எதுவும் கூடாது) ஒருவருக்கு அம்பில் சராசரியாக 8.5 சேதம் கிடைக்கும். அவரே அந்த வாளை வீசினால் 4.5தான். இலக்கில் படுவதற்கும் வில்லில் 4 புள்ளி கூடுதல். வில்வித்தையைத் தம் போர்முறையாகத் தேர்ந்தவராயின் மேலும் 2 சேரும். எதிரி 5 அடிக்குள் நின்றால் 20 முகப் பகடையை இருமுறை உருட்டிக் குறைந்த எண்ணையே ஏற்க வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் அந்தத் தண்டனை மிகக் கடுமையாக விழும் நிலையிலும் 5 புள்ளி இழப்புக்கே சமம். அந்தப் போர்முறையைத் தேர்ந்தவர் கையிலோ 4உம் 2உமாக 6 இருக்கிறது. ஆகவே எதிரி மூக்குக்கு நேரே நின்றாலும், பழகாத நெடுவாளைவிடப் பழகிய வில்லே அவருக்கு மேல்.

2011இல் வெளிவந்த ஸ்கைரிம் என்னும் கணினி விளையாட்டில் காரணம் சற்று வேறு. அங்கே எந்த ஆயுதத்தை எடுக்கிறோமோ அதன் திறன்தான் வளரும். நம் நிலை உயர உயர எதிரிகள் பலரும் வலுப்பெறுவார்கள். நெடுநாள் வில்லையே நம்பியிருந்தவர், வலுத்துவிட்ட எதிரியின் முன் திடீரென வாளை எடுத்தால், அந்த ஆயுதத்தில் அவர் இன்னும் தொடக்கநிலைக்காரரே.

மெய்யான போர்க்களம் இப்படி இருக்கவில்லை. 1415இல் அஜின்கோர்ட் போரில் ஆங்கிலேய வில்லாளர்கள் ஒரு கட்டத்தில் வில்லை விட்டுவிட்டு, வாளும் கோடரியும் சம்மட்டியுமாகச் சேற்றில் திணறிய பிரெஞ்சு வீரர்கள்மீது பாய்ந்தார்கள். ஆயுதம் மாற்றும் அந்த நொடிக்கு இடமளிக்கும் விளையாட்டே சிறந்தது என்பது என் உறுதியான எண்ணம். அம்பு தீராத விளையாட்டில் வில்லாளிக்கு எந்த முடிவும் எடுக்க வேண்டியிருப்பதில்லை.

கேள்வி: அப்படியானால் வில்லாளிக்கு வாளே தேவையில்லையா?

பதில்: தேவை, ஆனால் நெடுவாள் அன்று. மேற்சொன்ன விதிகளில் ரேப்பியர் என்னும் ஒல்லியான வாளையும் குறுவாளையும் சுறுசுறுப்பைக் கொண்டே வீசலாம் என்பதால், வில்லுக்காக வளர்த்தது வீணாகாது. நெருங்கிய சண்டையில் ரேப்பியர் வில்லை முந்தியும் விடும். தவிர, அம்பறாத்தூணி கொள்வது 20 அம்புகளே. சண்டை முடிந்தபின் ஒரு நிமிடம் தேடினால் எய்தவற்றில் பாதி கிடைக்கும் என்றாலும், நடுச்சண்டையில் தூணி காலியானால் அந்த விதி உதவாது.