வண்டியை இழுக்க ஒரு வண்டி: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அண்ணே வணக்கம். ஜார்ஜியாவுல ஜான்ஸ் க்ரீக்ல இருக்கேன். 95 மாடல் மியாட்டா ஒண்ணு வச்சிருக்கேன், மாசம் ஒரு தடவை ரோட் அட்லாண்டா, எப்பவாச்சும் அலபாமா பார்பர்னு ட்ராக் டேக்கு (நம்ம கார நாமே ரேஸ் ட்ராக்ல ஓட்டிப் பாக்கற நாள்) கொண்டு போவேன். டொயோட்டா ஃபோர்ரன்னர்ல ஓபன் ட்ரெய்லர மாட்டி இழுக்கறேன், இதுவரைக்கும் பிரச்சனை இல்ல. இப்ப மியாட்டாவ குடுத்துட்டு 97 பிஎம்டபிள்யூ எம்3 வாங்கப் போறேன், அடுத்த வருஷம் மூடின ட்ரெய்லரும் வாங்கணும்னு ஆசை. டீலர் ஃபோர்ட் எஃப்-150 ட்ரக்க காட்டி 'இது 13,000 பவுண்டு இழுக்கும்'ங்கறாரு. ஃப்ரெண்டு 'டீசல் 2500 (1500, எஃப்-150 வகைக்கு மேல இருக்கிற பெரிய ட்ரக்) எடு, ஒரே தடவையா முடிச்சுரு'ங்கறான். வீட்ல 'கராஜுக்குள்ள போகாத வண்டி வேண்டாம்'ங்கறா. என்ன பண்றது?

பதில்: தம்பி, மூணு பேர்ல உங்க வீட்டம்மா ஒருத்தங்கதான் அளந்து பாத்து பேசியிருக்காங்க. மத்த ரெண்டு பேரும் வாய்க்கு வந்தத சொல்றாங்க. கராஜுக்கு கடைசில வரேன்.

முதல்ல வண்டிய மாத்தித்தான் ஆகணுமான்னு பாப்போம். மியாட்டா 2,300 பவுண்டு, இரும்பு ட்ரெய்லர் 2,000, டயர் நாலு, ஜாக்கி, டூல்ஸ், பெட்ரோல் கேன்னு ஒரு 400, ஆக 4,700. ஃபோர்ரன்னர் லிமிட் 5,000. பிரச்சனை இல்லன்னு நீங்க சொன்னாலும் இத்தன நாளா லிமிட்டோட ஓரத்துலதான் ஓட்டிட்டு இருந்திருக்கீங்க. எம்3 3,200 வரும், அப்ப மொத்தம் 5,600. அலுமினியம் ட்ரெய்லருக்கு மாறினா 500 குறையும், அப்பவும் 5,100, தாண்டிருது. அதனால மாத்தித்தான் ஆகணும், அதுல சந்தேகமில்ல. (மியாட்டாவே வச்சிருந்தா இந்தச் செலவே இல்லங்கறத சொல்லாம இருக்க முடியல, ஆனா எம்3 மேல ஆசை வந்த ஆளுகிட்ட அத சொல்லி என்ன ஆகப்போகுது.)

இப்ப டீலர் சொன்ன 13,000. அது பொய்னு சொல்ல மாட்டேன். எவ்வளவு இழுக்கும்னு பாக்க எஸ்ஏஇ ஜே2807னு ஒரு டெஸ்ட் இருக்கு, டொயோட்டாதான் 2011 மாடல்லேர்ந்து மொதல்ல அத ஏத்துக்கிச்சு, அப்புறம் மத்தவங்களும் வந்தாங்க. அரிசோனாவுல டேவிஸ் டேம் பக்கத்துல 11.4 மைல் ஏத்தம், வெயில் 100 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு கம்மி இருக்கக்கூடாது, ஏசிய முழுசா போட்டுட்டு 40 மைல் ஸ்பீடுக்கு கீழ எறங்காம ஏறணும். கஷ்டமான டெஸ்ட்தான். ஆனா அதுல வண்டிக்குள்ள ரெண்டே பேரு, ஆளுக்கு 150 பவுண்டுன்னு கணக்கு. உங்க வண்டில ரெண்டு பேரா போவீங்க? பிள்ளைங்க, கூலர், டென்ட், புளியோதரை டப்பான்னு ஏறும்ல, இன்ஜின் இழுத்துரும் ஆனா பின்னாடி ஆக்ஸிலும் ஸ்பிரிங்கும் தாங்கணுமே.

அதனால டிரைவர் கதவத் திறங்க. தூண்ல ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும், ஆளும் சாமானும் சேத்து இவ்வளவு பவுண்டுக்கு மேல ஏத்தாதேன்னு. அதுதான் பேலோட். ட்ரெய்லர் மூக்கு ஹிட்ச் (வண்டி பின்னாடி ட்ரெய்லர மாட்டுற இடம்) மேல அழுத்துற எடையும் இதுலதான் கழியும், இது பாதி பேருக்கு தெரியறதில்ல. உங்க எம்3 செட்டுக்கு அந்த அழுத்தம் 700 பவுண்டு வரும். குடும்பம் நாலு பேரு 500, சாமான் 200. மொத்தம் 1,400. ஒரே எஃப்-150தான், ஆனா கண்ணாடிக் கூரை, தானா எறங்குற படி, மசாஜ் சீட்டுன்னு எல்லாம் போட்ட வண்டில ஸ்டிக்கர் 1,400 பக்கத்துலயே நின்னுரும், ஒண்ணுமில்லாத சாதா வண்டில 1,800க்கு மேல இருக்கும். ஆக காசு ஜாஸ்தி குடுத்து தாங்குற சக்திய கம்மி பண்ணி வாங்கறோம், இந்த வேடிக்கைய எந்த டீலரும் சொல்ல மாட்டாரு. இணையத்துல பாத்து வாங்காதீங்க, எந்த வண்டிய எடுக்கறீங்களோ அதே வண்டியோட ஸ்டிக்கர ஃபோட்டோ அனுப்பச் சொல்லுங்க.

அந்த 700 எங்கேர்ந்து வந்துச்சுன்னு கேப்பீங்க. ஊர்ல மாட்டுவண்டில மூட்டை ஏத்துறத பாத்திருந்தா புரியும். முன்பாரம் அதிகமானா மாட்டுக் கழுத்து போச்சு, பின்பாரம் அதிகமானா நுகத்தடி மேல தூக்கிக்கும். ட்ரெய்லரும் அதேதான், மொத்த எடைல 10லேர்ந்து 15 சதவீதம் முன்பாரம் இருக்கணும். கம்மியாச்சுன்னா வால் ஆட ஆரம்பிச்சுரும்.

இத நான் புக்கு படிச்சு சொல்லல. பல வருஷம் முன்ன ஐ-20ல பார்பருக்கு போயிட்டிருந்தேன், காலைல அவசரத்துல கார ரொம்ப பின்னாடி தள்ளி நிறுத்தி டூல் பெட்டியயும் ட்ரெய்லர் வால்லயே கட்டிட்டேன், 68 மைல்ல ஒரு பதினெட்டு சக்கர லாரி பக்கத்துல கடந்து போச்சு பாருங்க, கண்ணாடில என் ட்ரெய்லர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தெரியுது, ஸ்டியரிங்க்கும் ரோட்டுக்கும் சம்பந்தமே இல்லாத மாதிரி ஒரு நாலு செகண்டு. ஆக்ஸிலரேட்டர்லேர்ந்து கால எடுத்துட்டு பிரேக் கன்ட்ரோலர் லீவர கையால அழுத்துனேன், ட்ரெய்லர் பிரேக் மட்டும் புடிச்சு நேராயிருச்சு. அந்த நேரத்துல கால் பிரேக்க ஓங்கி மிதிச்சிருந்தா இந்த பத்திய வேற யாராச்சும்தான் எழுதிட்டு இருந்திருப்பாங்க. அடுத்த எக்ஸிட்ல எறங்கி கார முன்னாடி தள்ளி கட்டினேன். அப்புறம் லாரிங்க நிக்கிற ட்ரக் ஸ்டாப்ல கேட் ஸ்கேல்ல ஏத்தி எடை பாக்காம தூர ட்ரிப் போனதில்ல, கொஞ்ச டாலர்தான் ஆகும்.

சரி, எந்த வண்டி? வண்டிய யோசிக்கறதுக்கு முன்ன ட்ரெய்லர முடிவு பண்ணுங்க, நீங்க தலைகீழா போறீங்க. ஓபன் ட்ரெய்லர்தான்னா பேலோட் நல்லா இருக்கிற சாதா எஃப்-150, சில்வராடோ 1500, டன்ட்ரா எதுவும் போதும், ரெண்டு மூணு வருஷம் ஓடுனதா பாருங்க. (2022, 23 டன்ட்ரான்னா 2024ல வந்த இன்ஜின் ரீகால் முடிஞ்சதான்னு வின் நம்பர போட்டு பாத்துட்டு வாங்கணும், ஒரு லட்சம் வண்டிக்கு மேல அதுல மாட்டுச்சு.) 24 அடி மூடின ட்ரெய்லர்னா காலியாவே 4,500 பவுண்டு கிட்ட, எம்3யும் சாமானும் சேந்தா 8,500, முன்பாரம் மட்டும் 1,100, வண்டிக்குள்ள குடும்பமும் சாமானும் 700ம் சேந்தா 1,800. அதோட காத்து. மூடின ட்ரெய்லர்ங்கறது ஒரு சுவத்த இழுத்துட்டு போற மாதிரி. அதுக்கு 2500 தான் சரி, ஆனா பெட்ரோல் 2500.

டீசல் ஏன் வேண்டாம்ங்கறேன்? ஏத்தத்துல டீசல் மாதிரி வராது, எக்ஸாஸ்ட் பிரேக் (புகைய அடைச்சு இன்ஜினாலயே வேகத்த கொறைக்கறது) போட்டு டென்னசில மான்ட்டீகிள் மலை எறங்குற சுகம் தனி, ஒத்துக்கறேன். கென்டக்கில பௌலிங் க்ரீன் ட்ராக்குக்கு மாசாமாசம் அந்த மலை வழியா போற ஆளா இருந்தா நானே வாங்கச் சொல்லுவேன். உங்க வீட்லேர்ந்து ரோட் அட்லாண்டா 30, 40 மைல். அதுக்கு இன்ஜினுக்கு மட்டும் பத்தாயிரம் டாலர் பக்கம் கூடக் குடுக்கணும், டீசல் இன்ஜின் கனமா இருக்கறதால அந்த எடையும் பேலோட்லதான் கழியும். போதாததுக்கு 2500 சும்மா போகும்போது குதிக்கும், ஊர்லேர்ந்து அம்மா வந்து அந்த உயரத்துக்கு ஏறி எறங்கணும், யோசிச்சுக்கங்க.

என் மனசுல பட்டது என்னன்னா, 40 மைலுக்கு மூடின ட்ரெய்லர் தேவையே இல்ல. மழைல கார் நனையும், நனையட்டும், ட்ராக்ல மட்டும் நனையாதா? உங்க ஏரியா ஹெச்ஓஏ (வீட்டுக்காரங்க சங்கம்) 24 அடி பெட்டிய வாசல்ல நிறுத்த விடுமான்னு மொதல்ல கேளுங்க, ஸ்டோரேஜ் வாடகை கட்டணும்னா ஆசை பாதி கொறஞ்சுரும். அப்ப சாதா எஃப்-150. நாலு கதவு, பின்னாடி சாமான் ஏத்துற பெட் சின்னதா இருக்கிற மாடல் நீளம் 232 இன்ச்சு கிட்ட, 20 அடி கராஜுன்னா 240, ஒரு சாண் மிச்சம் இருக்கும். அதே மாதிரி எஃப்-250 (ஃபோர்டுல 2500க்கு சமமானது) 250 இன்ச்சு, கதவே மூடாது. வீட்டம்மா ஜெயிச்சாங்க.

ஒண்ணு மறந்துராதீங்க. பழைய வண்டில இருந்த பால் மவுன்ட்ட (ட்ரெய்லர் உக்கார்ற இரும்பு உருண்டைய தாங்குற கட்டை) கழட்டி புதுசுல மாட்டி கெளம்பிராதீங்க. புது வண்டி உயரம் வேற, ட்ரெய்லர் மூக்கு தூக்கிட்டு நிக்கும், மட்டமா நிக்கற மாதிரி வளைஞ்ச மவுன்ட் வாங்கணும். பழசு 5,000 பவுண்டுக்குத்தான் போட்டிருந்தா வண்டி எவ்வளவு பெருசானாலும் அது 5,000தான். பால் சைஸும் பாருங்க, 2 5/16 இன்ச்சு கப்ளர்ல (ட்ரெய்லர் மூக்குல இருக்கிற குழி) 2 இன்ச்சு பாலும் உக்காந்த மாதிரிதான் இருக்கும், முதல் பள்ளத்துல கழண்டுக்கும். பிரேக் கன்ட்ரோலர் அளவயும் காலி பார்க்கிங் லாட்ல ஓட்டிப் பாத்து திரும்ப செட் பண்ணுங்க.

கேள்வி: கலிபோர்னியா ஃப்ரீமான்ட்லேர்ந்து எழுதறேன். டெஸ்லா மாடல் ஒய் இருக்கு, யூஹால் ட்ரெய்லர்ல மியாட்டா ஏத்திட்டு தண்டர்ஹில் ட்ராக் போகலாமா சார்?

பதில்: போக முடியாதுங்க. மாடல் ஒய் லிமிட் 3,500 பவுண்டு. யூஹால் கார் ட்ரெய்லர் காலியா 2,210, மியாட்டா 2,300, கூட்டிப் பாருங்க. எலக்ட்ரிக்தான் வேணும்னா ரிவியன் ஆர்1டி இல்ல எஃப்-150 லைட்னிங் மாதிரி பெருசு வேணும், அதுலயும் ட்ரெய்லர் மாட்டினா ரேஞ்ச் பாதிக்குப் பாதி போயிரும், சுமார் 150 மைல் போற வழில சார்ஜ் போட நின்னா நெறைய எடத்துல ட்ரெய்லர கழட்டி ஓரமா வச்சுட்டுதான் உள்ள நொழையணும். ஒரே ஆறுதல், உங்க ஸ்டேட்ல ட்ரெய்லர் இழுத்தா 55 மைல்தான் லிமிட், மெதுவா போறதால பேட்டரி கொஞ்சம் கூட தாங்கும்.

கேள்வி: டெக்சாஸ் ஃப்ரிஸ்கோ. என் வீட்டுக்காரர் ரேஸ் கார் இழுக்கன்னு டீசல் ட்ரக் வாங்கி, வாரம் பூரா அத என்கிட்ட குடுத்துட்டு என் காரை அவர் எடுத்துட்டு போறார். ஸ்கூல் நாலு மைல். எக்ஸாஸ்ட் ஃபில்டர்னு லைட் எரியுது, கேட்டா சும்மா வரும்ங்கறார். நெஜமா?

பதில்: சும்மா வராதும்மா. டீசல் புகைல இருக்கிற கரிய ஒரு ஃபில்டர் புடிச்சு வச்சுக்கும், எக்ஸாஸ்ட் நல்லா சூடானாத்தான் அது எரிஞ்சு சுத்தமாகும். நாலு மைல்ல இன்ஜினே சரியா சூடாகாது, அதுக்குள்ள ஸ்கூல் வந்துரும். இப்போதைக்கு ஹைவேல அரை மணி நேரம் நிக்காம ஓட்டிட்டு வாங்க, அப்பவும் லைட் அணையலன்னா ஷாப்புக்கு போகணும், அப்படியே விட்டா ஃபில்டர் மாத்துற செலவு ஆயிரக்கணக்குல வரும். உங்க காரை திங்கக்கிழமையே திரும்ப வாங்கிக்கங்க, ட்ரக்க அவரே ஆபீஸுக்கு ஓட்டட்டும்.