நோயே வராதபோது பரிசோதனைச் செலவைக் கேட்டு வழக்குப் போட முடியுமா?

அமெரிக்காவின் சில மாநிலங்களில் முடியும். நச்சுப்பொருள் உடலில் சேர்ந்தவர், நோய் வந்தால் சீக்கிரமே தெரிய வேண்டும் என்பதற்காகச் செய்துகொள்ளும் தொடர் பரிசோதனைகளின் செலவை, அதற்குக் காரணமானவரிடம் கேட்பதுதான் மருத்துவக் கண்காணிப்புக் கோரிக்கை. புற்றுநோய் போன்றவை தலைகாட்டவே பல ஆண்டுகள் ஆகும். அதுவரை காத்திரு என்பது நியாயமில்லை. பக்கத்து மனையில் ஆழமாகத் தோண்டியதில் நம் வீட்டு அஸ்திவாரம் அசைந்திருக்குமோ என்று பொறியாளரை வைத்துப் பார்க்கிறோம். விரிசல் விழவில்லை, சரி. ஆனால் அந்தச் செலவை நாம் ஏன் ஏற்க வேண்டும்?

குப்பைக்கிடங்கால் கிணற்று நீர் கெட்ட ஜாக்சன் டவுன்ஷிப் வழக்கில், நியூ ஜெர்சி உச்ச நீதிமன்றம் 1987-இல் இதை ஏற்றது. பயம் மட்டும் போதாது. அந்தப் பொருள் எவ்வளவு நச்சு, எவ்வளவு சேர்ந்தது, நோய் அபாயம் எவ்வளவு கூடியது, சீக்கிரம் கண்டுபிடித்தால் பலன் உண்டா என்று நிபுணர் சாட்சியம் வேண்டும். வழக்கமாக எல்லோரும் செய்யும் பரிசோதனையே போதும் என்றால், பல மாநிலங்களில் கோரிக்கை அங்கேயே விழுந்துவிடும். மிச்சிகன் உச்ச நீதிமன்றமோ 2005-இல், இப்போதே உடல் பாதிப்பு இருந்தால்தான் வழக்கு என்று சொல்லிவிட்டது.

வென்றால் பெருந்தொகை கைக்கு வரும் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் நீதிமன்ற மேற்பார்வையில் ஒரு நிதி அமைத்து, பரிசோதனைக்கு மட்டும்தான் அதிலிருந்து பணம் தருவார்கள்.