கீரை ஆய்வதும் ஆய்வேடு எழுதுவதும்

முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்திருக்கும் வாசகி ஒருவர் கேட்கிறார்: "'ஆய்வு' சமீபத்தில் உண்டாக்கிய சொல், 'ஆராய்ச்சி'தான் பழைய தமிழ் என்கிறார் நண்பர். நான் எதை எழுதுவது?"

நண்பர் வீட்டில் கீரை வாங்குவதில்லை போலிருக்கிறது. முளைக்கீரைக் கட்டைப் பிரித்து, புல்லையும் பூச்சி அரித்த இலையையும் தள்ளி, முற்றிய தண்டை ஒடித்துப் போட்டு, நல்ல இலையை மட்டும் முறத்தில் சேர்க்கிறோமே, அதற்குப் பெயர் ஆய்தல். "கீரையை ஆஞ்சு வை" என்று பேச்சில் சொல்வதும் இதே சொல்தான். யாழ்ப்பாணத்தில் பூப் பறிப்பதையும் ஆய்தல் என்பார்கள். ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்த்து, கொள்வதைக் கொண்டு, தள்ளுவதைத் தள்ளுவது. ஆய்வேட்டில் நீங்கள் தரவுகளை வைத்துச் செய்யப்போவதும் அதுதானே!

அறி அறிவானது போல, தேர் தேர்வானது போல, ஆய் ஆய்வானது. வினை மிகப் பழையது. தொல்காப்பிய உரியியலில் "ஓய்தல் ஆய்தல் நிழத்தல் சாஅய், ஆவயின் நான்கும் உள்ளதன் நுணுக்கம்" என்று வருகிறது. அங்கே பேச்சு ஆராய்ச்சியைப் பற்றியது அல்ல. இருக்கிற ஒன்று நுணுகுவதைப் பற்றியது. ஆனாலும் நுணுக்கம் என்ற சாயல் அன்றே இச்சொல்லில் இருக்கிறது.

ஆராய்தலை, நிறைவைக் குறிக்கும் 'ஆர்' முன்னால் சேர்ந்தது என்று பிரித்துக் காட்டுவார்கள். திருக்குறளில் இரண்டுமே உண்டு. நட்பைச் சொல்லும் 792ஆம் குறள் "ஆய்ந்தாய்ந்து" என்கிறது. தூதனைச் சொல்லும் 684ஆம் குறள் "ஆராய்ந்த கல்வி" என்கிறது. ஆக, வயதை வைத்து ஒன்றை ஒதுக்க வழியில்லை.

இன்றைய வழக்கில் வேறுபாடு உண்டு. 'ஆய்வு' எல்லா இடத்துக்கும் போகும்: கலெக்டர் பள்ளியில் ஆய்வு செய்வார், போலீஸ் இன்ஸ்பெக்டர் காவல் ஆய்வாளர், மண்ணுக்கும் ஆய்வு உண்டு. 'ஆராய்ச்சி' அப்படி அலையாது. ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு நீண்ட நாள் உழைக்கும் வேலைக்கே பெரும்பாலும் வரும். 1970இல் தொடங்கியது உலகத் தமிழாராய்ச்சி நிறுவனம். அங்கே 'தமிழாய்வு' என்று போட்டிருந்தாலும் தவறில்லை, கனம் கொஞ்சம் குறைந்திருக்கும், அவ்வளவுதான்.

சரி, உங்களுக்கு: அட்டையில் 'ஆய்வேடு' என்றே போடுங்கள், பல்கலைக்கழக வழக்கு அது. 'நெறியாளர்', 'கள ஆய்வு' என்பவையும் அப்படியே இருக்கட்டும். உள்ளே உங்கள் மொத்த உழைப்பைக் குறிக்க 'ஆராய்ச்சி' எழுதலாம். 'ஆராய்வு' என்று மட்டும் இரண்டையும் கலந்து எழுதாதீர்கள், காதுக்கு ஒட்டவில்லை.