குழாயின் ஜாதகம் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

எரிவாயுக் குழாய்கள் பற்றிய உங்கள் கட்டுரையில், அமெரிக்கக் கம்பெனிகள் 1952-லிருந்து சேர்ந்து பணம் போட்டு ஆராய்ச்சி செய்வதாகப் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். நான் திருப்பூரில் சாயப்பட்டறை வைத்திருக்கிறேன். பக்கத்துப் பட்டறையில் என்ன கலவை போடுகிறார்கள் என்று எனக்குத் தெரியாது; என்னுடையது அவர்களுக்குத் தெரியவும் விட மாட்டேன். அந்தக் கம்பெனிகள் மட்டும் எப்படி ரகசியத்தைப் பங்கு போட்டுக்கொள்கின்றன? அரசாங்கம் கையை வைக்காமலிருக்க 'நாங்களே பார்த்துக்கொள்கிறோம்' என்று காட்டுகிற ஏற்பாடா? அவ்வளவு ஆராய்ச்சி நடந்த நாட்டில், 2010-ல் எரிவாயுக் குழாய் வெடித்த சான் புரூனோ விபத்து எப்படி நடந்தது?

ஆர்., திருப்பூர்

அன்புள்ள ஆர்.,

கலவையைச் சொல்ல மாட்டீர்கள், சரி. கழிவுநீரை என்ன செய்கிறீர்கள்? 2011-ல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது நல்லவர், கெட்டவர் என்று பார்க்காமல் எல்லோர் கதவும்தான் மூடியது. பொது சுத்திகரிப்பு நிலையத்தில் போட்டியாளர்களோடு பங்கு போட்டுக்கொண்டுதான் உங்கள் ஊரில் பலர் தொழில் செய்கிறார்கள். குழாய்க்காரர்களின் கதையும் ஏறக்குறைய அதுதான்.

அவர்களைச் சேர்த்து வைத்தது விரிசல். 1952-ல் அமெரிக்க எரிவாயு சங்கத்தின் கீழ் ஒரு குழாய் ஆராய்ச்சிக் குழு உருவானது. அன்றைய எஃகு குளிரில் கண்ணாடி மாதிரி நொறுங்கும். ஓரிடத்தில் பிளந்தால் அந்த இடத்தோடு நிற்காது. குழாய் பிளந்ததும் உள்ளே அழுத்தம் குறையத் தொடங்குகிறது அல்லவா, அந்தக் குறைவு வாயுவுக்குள் நொடிக்குச் சுமார் 400 மீட்டர் வேகத்தில்தான் பரவும். நொறுங்கும் விரிசல் அதைவிட வேகமாக ஓடும். அதனால் விரிசலின் நுனி எப்போதும் முழு அழுத்தம் இருக்கும் இடத்தில்தான் நிற்கிறது. ஓட்டத்தை நிறுத்த அதற்கு ஒரு காரணமும் இல்லை. 1960-ல் ஒரு 30 அங்குலக் குழாயில் கிழிசல் சுமார் 13 கிலோமீட்டர் ஓடியது. அவிநாசியில் பிளந்தது திருப்பூர் வரை வந்து நிற்பது போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதை ஒரு கம்பெனி தனியாக ஆராய முடியாது. நிஜக் குழாயை நிஜ மண்ணில் புதைத்து, அழுத்தம் ஏற்றி, வெடி வைத்துப் பிளந்து, எங்கே நிற்கிறது என்று பார்க்க வேண்டும். பார்த்து முடிந்ததும் குழாய் பழைய இரும்புக் கடைக்கு. ஒஹையோவின் பேட்டல் ஆய்வு நிறுவனம் இப்படி நிறைய வெடித்துப் பார்த்தது. அங்கிருந்து வந்ததுதான் எடை விழு கிழிசல் சோதனை. குழாயின் முழுத் தடிமனில் ஒரு பட்டையை வெட்டி, கீறல் போட்டு, மேலிருந்து பெரிய எடையைப் போட்டு உடைக்கிறார்கள். உடைந்த முகம் பளபளவென்று இருந்தால் எஃகு நொறுங்கியிருக்கிறது. மங்கலாக, நார் நாராக இருந்தால் இழுபட்டுக் கிழிந்திருக்கிறது. 85 சதவீதமாவது மங்கலாக இருக்க வேண்டும் என்ற கணக்கு பிறகு குழாய் வாங்கும் நிபந்தனைகளிலேயே ஏறிவிட்டது. எல்லோரும் சேர்ந்து கேட்டால்தான் எஃகு ஆலை காது கொடுக்கும்.

இன்னொன்று. அப்போது மாநிலம் தாண்டி வாயு கடத்தும் கட்டணத்தை அரசாங்கம்தான் அனுமதித்தது. விரிசலைப் பற்றித் தெரிந்ததை ஒளித்துவைத்து யாரும் வாடிக்கையாளரைப் பிடித்துவிட முடியாது. போட்டி வந்த பிறகு, போட்டியாளர்கள் பங்கு போட்டுக்கொள்ள மாட்டார்கள் என்ற உங்கள் கணிப்பு ஓரளவு பலித்தது. 1976-ல் தொடங்கிய எரிவாயு ஆராய்ச்சி நிறுவனத்துக்கு, கடத்தப்படும் வாயுவின் மேல் போட்ட சிறு வரி மாதிரியான தொகையிலிருந்து பணம் போனது. அடுப்பு பற்றவைத்தவர் ஆராய்ச்சிக்கும் கொடுத்தார், அது அவருக்கே தெரியாமல். 1992-ல் எரிசக்தியை ஒழுங்குபடுத்தும் கூட்டாட்சி ஆணையம் ஆணை 636 மூலம் சந்தையை நன்றாகத் திறந்துவிட்டது. 'எதிராளிக்கும் பயன்படுவதற்கு நான் ஏன் கொடுக்க வேண்டும்' என்ற முணுமுணுப்பு வலுத்து, அந்தத் தொகையும் படிப்படியாக நின்றுபோனது.

உங்கள் சந்தேகத்தின் மீதிக்கு வருகிறேன். 1968 வரை அமெரிக்காவில் எரிவாயுக் குழாய்ப் பாதுகாப்புக்கு என்று கூட்டாட்சிச் சட்டமே இல்லை. தொழில்துறை தானே எழுதிக்கொண்ட விதிகள்தான். 1965 மார்ச்சில் லூசியானாவின் நாக்கடஷ் அருகே குழாய் வெடித்து 17 பேர் இறந்தார்கள். மூன்று வருடம் கழித்துச் சட்டம் வந்தது. 1970-ல் விரிவான விதிகளும் வந்தன, கூடவே ஒரு சலுகையும் நுழைந்தது: பழைய குழாய்களுக்கு அழுத்தச் சோதனை வேண்டாம், கடந்த 5 ஆண்டுகளில் எந்த உச்ச அழுத்தத்தில் ஓடியதோ அதிலேயே ஓட்டிக்கொள்ளலாம். இதுவரை விழாத சுவர் இனியும் விழாது என்பது போன்ற நியாயம்.

சான் புரூனோவுக்கான வழி அங்கேதான் திறந்தது. 2010 செப்டம்பர் 9 மாலை கலிபோர்னியாவின் அந்தக் குடியிருப்பில் 8 பேர் இறந்தார்கள், 38 வீடுகள் அழிந்தன. வாயுவை நிறுத்தவே 95 நிமிடம் ஆனது. வெடித்தது 1956-ல் பதித்த 30 அங்குலக் குழாய். குழாயை நடத்திய கம்பெனியின் பதிவேட்டில் அது தையலில்லாத குழாய், அதாவது நீளவாட்டில் வெல்டிங் மூட்டே இல்லாதது. மண்ணைத் தோண்டினால், துண்டு துண்டாகச் சேர்த்து ஒட்டியது. நீளவாட்டில் தையலும் இருந்தது, அந்த வெல்டிங்கும் உள்பக்கம் வரை இறங்கவில்லை. அந்தக் காலத்தில் 30 அங்குலத்தில் தையலில்லாத குழாய் செய்யும் தகுதி பெற்ற ஆலையே அமெரிக்காவில் இல்லை என்று விசாரணை சொன்னது. பதிவேட்டில் இருந்த அந்த ஒரு வார்த்தையை அரை நூற்றாண்டு யாரும் நின்று யோசிக்கவில்லை.

ஆக, ஆராய்ச்சி தோற்றது என்று நான் சொல்ல மாட்டேன். தையல் குறை என்ன செய்யும் என்று ஆய்வுக்கூடத்துக்கு எப்போதோ தெரியும். அது எந்தத் தெருவின் அடியில் கிடக்கிறது என்பதுதான் தெரியாது. விபத்துக்குப் பிறகு கம்பெனி ஆட்கள் மூட்டை மூட்டையாகப் பழைய காகிதங்களைக் கொண்டுபோய், கௌ பேலஸ் என்ற அரங்கத்தில் கொட்டி, இரவு பகலாகத் தேடினார்கள். கால்நடைக் கண்காட்சிக்குக் கட்டிய இடம் அது. வைக்கோல்போரில் ஊசி தேட இதைவிடப் பொருத்தமான இடம் கிடைத்திருக்காது.

2019-ல் வந்த விதி, பதிவேடுகள் தேடிப் பிடிக்கக்கூடியதாக, சரிபார்க்கக்கூடியதாக, முழுமையாக இருக்க வேண்டும் என்கிறது. இல்லாதவர்கள் தங்கள் குழாய் என்ன எஃகு என்று புதிதாக நிரூபிக்க வேண்டும். அந்த 1952 குழுவின் வாரிசான பன்னாட்டு அமைப்பு இன்று சேர்ந்து செலவழிக்கும் விஷயங்களில் இதுவும் ஒன்று: வெட்டியெடுக்காமல், வாயு ஓடிக்கொண்டிருக்கும்போதே, மேல்தோலைக் கொஞ்சம் சுரண்டியும் அழுத்தியும் பார்த்துக் குழாயின் வலிமையைக் கணிப்பது எப்படி? ஜாதகம் தொலைந்தவருக்குக் கைரேகை பார்த்துப் பிறந்த தேதி சொல்கிற வேலை. அதற்கும் எல்லோரும் பங்கு போட்டுத்தான் பணம் கொடுக்கிறார்கள்.

அன்புடன்.