கயிற்றின் மறுமுனை

அன்புள்ள எழுத்தாளருக்கு,

பார்வையற்றவர்களின் ஓட்டப்பந்தயக் காணொளி ஒன்று பார்த்தேன். ஒவ்வொருவர் கையும் பக்கத்தில் ஓடுகிறவர் கையோடு கயிற்றால் இணைந்திருக்கிறது. ஒருவர் கூடவே வழிகாட்டினால் வெற்றியில் பாதி அவருடையதுதானே? அப்புறம், பார்வை இல்லாதவருக்குக் கண்பட்டை எதற்கு?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

‘கண் தெரியாமலே எப்படி ஓடுகிறார் பாருங்கள்’ என்று உச்சுக்கொட்டி நகர்ந்துவிடாமல் போட்டியைக் கவனித்திருக்கிறீர்கள், சந்தோஷம். பட்டைக்குக் காரணம் எளிது. டி11 என்பது பார்வைக் குறைபாடு மிகக் கடுமையாக உள்ளவர்களின் போட்டிப் பிரிவு, அதில் சிலருக்கு வெளிச்சம் மட்டும் தெரியும், சிலருக்கு அதுவும் இல்லை. எல்லோருக்கும் ஒரே இருட்டு இருக்கட்டும் என்றுதான்.

கூட ஓடும் கைடு இழுக்கக் கூடாது, தள்ளக் கூடாது, முடிவுக் கோட்டையும் வீரருக்குப் பின்னால்தான் தாண்ட வேண்டும். வளைவு வருகிறது, பக்கத்தில் ஆள் நெருங்குகிறார் என்று சொல்லிக்கொண்டே காலுக்குக் கால் ஒத்து ஓட வேண்டும் என்றால் அவருக்கு மூச்சு மிச்சம் இருக்க வேண்டும், அதாவது வீரரைவிட வேகமானவராக இருக்க வேண்டும். ஆக, வீரர் வேகம் கூடக்கூட கைடு கிடைப்பது கஷ்டம். அவர் சோர்ந்தால் வீரரின் பந்தயமும் போச்சு.

கென்யாவின் ஹென்றி வன்யோய்கேவுக்கு அதுதான் நடக்கப் பார்த்தது. ஓட்டக்காரராக வளர்ந்துகொண்டிருந்தவர், 1995இல், இருபது வயதையொட்டி, பக்கவாதத்தில் பார்வையை இழந்தார். பின்னல் வேலை கற்றுக்கொண்டார், மறுபடி ஓட வந்தார். 2000 சிட்னி பாராலிம்பிக்கில் 5000 மீட்டர் ஓடியபோது மற்றவர்களை வெகுதூரம் பின்னால் விட்டாயிற்று, ஆனால் மலேரியாவில் அடிபட்டிருந்த கைடு தள்ளாடுகிறார். அவரை விட்டுவிட்டு ஓடவும் முடியாது. பார்வையில்லாதவர் பார்வையுள்ளவரைக் கிட்டத்தட்ட இழுத்துக்கொண்டே கோட்டைத் தாண்டித் தங்கம் வாங்கினார். நீங்கள் சொல்லும் பாதிக் கணக்கை இங்கே எப்படிப் போடுவது? 2004 ஏதென்ஸில் 5000, 10,000 இரண்டிலும் அவருக்கே தங்கம். அடுத்த ஆண்டு லண்டன் மாரத்தான் ஓடி முடித்து ஒரே வாரத்தில் ஹாம்பர்க் மாரத்தானும் ஓடினார் (எனக்குப் படிக்கும்போதே கால் வலித்தது). பின்னாளில் அவரோடு ஓடிய ஜோசப் கிபுன்ஜா சிறுவயது நண்பர்.

கைடின் பங்கை நான் குறைத்துச் சொல்லவில்லை, பதக்கமேடையில் அவருக்கும் பதக்கம் உண்டு. ஆனால் கயிற்றை விடவே கூடாது என்று இவ்வளவு கறாராகப் பார்க்கும் விதி சில நேரம் அநியாயமாகவும் போகிறது. 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் ஸ்பெயினின் எலெனா கோங்கோஸ்த் மாரத்தானில் மூன்றாவதாக வந்துகொண்டிருந்தார். கோட்டுக்குச் சில அடி முன்னால் தசைப்பிடிப்பில் சாயப்போன கைடைத் தாங்கக் கயிற்றை ஒரு கணம் விட்டார், தகுதி நீக்கிவிட்டார்கள். நான்காவதாக வந்தவர் மூன்று நிமிடத்துக்கும் மேல் பின்னால் இருந்தார். அந்த ஒரு கணத்தில் எலெனாவுக்கு என்ன ஆதாயம் கிடைத்தது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. வெண்கலத்தை அன்றே அவருக்குக் கொடுத்திருக்க வேண்டும்.