8 சதவீதம் வருமானம் தரும் கட்டடம்: வாங்கலாமா?

வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார்: “தரைத்தளமும் இரண்டு மாடியும் உள்ள வணிகக் கட்டடம் ஒன்று விற்பனைக்கு வந்திருக்கிறது. கீழே ஒரு வங்கிக் கிளை, முதல் மாடியில் ஒரு பயிற்சி மையம், இரண்டாம் மாடியில் சிறிய மென்பொருள் நிறுவனம். எந்த இடமும் காலியில்லை. ‘எல்லாமே ஐந்து ஆண்டு ஒப்பந்தம், விலையில் 8 சதவீதம் வாடகையாக வருகிறது’ என்கிறார் விற்பவர். விலையில் 60 சதவீதத்தைக் கடனாக வாங்கலாம் என்றிருக்கிறேன். இதுவரை வீடுகளை மட்டுமே வாங்கி வாடகைக்கு விட்டிருக்கிறேன். இதில் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?” விற்பவர் கொடுத்த வாடகைப் பட்டியலையும் கூடவே அனுப்பியிருக்கிறார்.

வீடு வாங்கும்போது நாம் பெரும்பாலும் இடத்தையும் கட்டடத்தையும் பார்த்து விலை பேசுகிறோம். வாடகைதாரர் போனால் இன்னொருவர் வருவார் என்ற நம்பிக்கை இருக்கும், பெரும்பாலும் வரவும் செய்வார். வணிகக் கட்டடத்தில் விலையைத் தீர்மானிப்பது வாடகை ஒப்பந்தங்கள்தான். அதனால் கட்டடத்தைச் சுற்றிப் பார்ப்பதற்கு முன்னால், மூன்று ஒப்பந்தங்களின் முழு நகலையும் இணைப்புக் கடிதங்களோடு வாங்கி வரிவரியாகப் படியுங்கள். விற்பவர் கொடுக்கும் ஒரு பக்கச் சுருக்கம் போதாது.

முதலில் அந்த 8 சதவீதத்தைப் பிரித்துப் பார்ப்போம். கணக்குக்கு எளிதாக, விலையை 1,000 என்று வைத்துக்கொள்கிறேன். பட்டியல்படி ஆண்டு வாடகை 80. அதில் வங்கி தருவது 44, பயிற்சி மையம் 20, மென்பொருள் நிறுவனம் 16.

இந்த 80 உங்கள் கைக்கு வரும் தொகை இல்லை. சொத்து வரி, காப்பீடு, லிஃப்ட் பராமரிப்பு, பொது இட மின்சாரம், காவலாளி சம்பளம், நிர்வாகச் செலவு எல்லாம் இதிலிருந்துதான் போக வேண்டும். இவற்றில் எதை வாடகைதாரர் ஏற்கிறார், எதை உரிமையாளர் ஏற்கிறார் என்பது ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் மாறும். சில ஒப்பந்தங்களில் வரி, காப்பீடு, பராமரிப்பு மூன்றையுமே வாடகைதாரர் ஏற்றுக்கொள்வார். உங்கள் பட்டியலில் அப்படி எந்தக் குறிப்பும் இல்லை. ஆகவே உரிமையாளர் தலையில்தான் விழுகிறது என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். கூரை, லிஃப்ட், ஜெனரேட்டர் போன்றவற்றை ஒருநாள் மாற்ற வேண்டியிருக்கும், அதற்கும் ஆண்டுதோறும் ஒரு தொகையை ஒதுக்க வேண்டும். எல்லாம் சேர்த்து 14 என்று வைக்கிறேன்.

அப்புறம், காலியாகக் கிடக்கும் காலம். இன்றைக்குக் கட்டடம் நிரம்பியிருக்கலாம், ஆனால் ஒப்பந்தங்கள் ஒவ்வொன்றாக முடியும். ஒரு வீடு ஒன்றிரண்டு மாதத்தில் நிரம்பிவிடும். ஒரு முழு மாடி அலுவலக இடம் பல மாதங்கள் காலியாகக் கிடக்கலாம், சந்தை மந்தமாக இருந்தால் ஓராண்டைக்கூடத் தாண்டும். புதிதாக வருபவர் உள் வேலைகளைச் செய்ய இரண்டு மூன்று மாதம் வாடகை இல்லாமல் கேட்பார். தரகுக் கட்டணமும் உண்டு. இதற்காக 6 கழிக்கிறேன்.

80-இல் 14-உம் 6-உம் போக மிச்சம் 60. இதுதான் நிகர இயக்க வருமானம். வாங்கும்போது பதிவு, முத்திரை, வழக்கறிஞர், தரகு என்று விலைக்கு மேல் 70 செலவாகும் என்று வைத்தால் உங்கள் மொத்த முதலீடு 1,070. 60-ஐ 1,070-ஆல் வகுத்தால் 5.6 சதவீதம். விற்பவர் பொய் சொல்லவில்லை. செலவு எதையும் கழிக்காத எண்ணைச் சொல்லியிருக்கிறார், அவ்வளவுதான். இந்தத் தொழிலில் பலரும் அப்படித்தான் சொல்வார்கள், ஆகவே ஒரு சதவீதத்தைக் கேட்டதும் ‘எதையெல்லாம் கழித்த பிறகு?’ என்று கேட்டுவிடுங்கள்.

இனி கடன். 600 கடன், 9 சதவீத வட்டி, 15 ஆண்டு மாதத் தவணை என்று எடுத்துக்கொண்டால் ஆண்டுக்கு ஏறக்குறைய 73 கட்ட வேண்டும். நிகர வருமானமோ 60. உங்கள் வேறு வருமானத்திலிருந்து 13 எடுத்துப் போட வேண்டியிருக்கும். மூன்று வாடகைதாரர்களும் ஒழுங்காகப் பணம் கட்டி, காலிக் காலத்துக்காகக் கழித்த 6 மிச்சமானாலும் முதல் ஆண்டிலிருந்தே 7 குறையும்.

வணிகக் கட்டடத்துக்குக் கடன் கொடுப்பவர்கள் பொதுவாக, ஆண்டுத் தவணையைப் போல 1.2 அல்லது 1.25 மடங்காவது நிகர வருமானம் இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பார்கள். 1.25 மடங்கு என்றால் 60 வருமானத்துக்குத் தாங்கக்கூடிய தவணை 48. அதே வட்டி, அதே காலத்துக்கு அது 394 கடனாகிறது. உங்கள் மற்ற சொத்துகளை அடமானமாகக் காட்டினால் 600-கூடக் கிடைக்கலாம். ஆனால் அது இந்தக் கட்டடம் தாங்கும் கடன் ஆகாது. இதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது: 5.6 சதவீதம் சம்பாதிக்கும் சொத்துக்கு 9 சதவீத வட்டியில் பணம் வாங்கினால், கடன் கூடக்கூட உங்கள் சொந்தப் பணத்தின் வருமானம் குறையும். ‘விலை ஏறும்போது எல்லாம் சரியாகிவிடும்’ என்ற நம்பிக்கையில்தான் பலர் இதைச் செய்கிறார்கள். விலை ஏறலாம், ஆனால் தவணை அதுவரை காத்திருக்காது.

வட்டியைப் பற்றி இன்னொன்று. 2022-இல் உலகின் பல மத்திய வங்கிகள் வட்டியை வேகமாக ஏற்றின. வாங்குபவர்கள் கூடுதல் வருமானத்தை எதிர்பார்க்க ஆரம்பித்ததும், வாடகை மாறாத கட்டடங்களின் மதிப்புகூட இறங்கியது. 60 நிகர வருமானம் தரும் கட்டடத்தில் வாங்குபவர் 6 சதவீதம் எதிர்பார்த்தால் அதன் மதிப்பு 1,000. 7 சதவீதம் எதிர்பார்த்தால் 857. வாடகையில் ஒரு காசும் குறையாமலே 143 போய்விட்டது. மாறும் வட்டிக் கடன் என்றால் வட்டி இரண்டு சதவீதம் ஏறினால் தவணை என்னவாகும் என்று இப்போதே கணக்கிட்டுப் பாருங்கள்.

சரி, இனி ஒப்பந்தங்களுக்கு வருவோம். என் பார்வையில் இந்த விற்பனையில் அதிகம் கவனிக்க வேண்டியது இங்கேதான் இருக்கிறது.

‘எல்லாமே ஐந்து ஆண்டு ஒப்பந்தம்’ என்பது சரிதான். ஆனால் பட்டியலில் உள்ள தேதிகளைப் பார்த்தால் வங்கிக்கு மீதமிருப்பது 2 ஆண்டு, பயிற்சி மையத்துக்கு 1 ஆண்டு. மென்பொருள் நிறுவனம் இப்போதுதான் வந்திருக்கிறது, அதற்குத்தான் 5 ஆண்டு முழுதாக இருக்கிறது. ஒவ்வொருவரின் வாடகையையும் மீதமுள்ள ஆண்டால் பெருக்கிக் கூட்டி, மொத்த வாடகையால் வகுத்தால் சராசரி 2.35 ஆண்டு வருகிறது, அதாவது 28 மாதம். நீங்கள் 15 ஆண்டு கடனுக்கு 28 மாத வாடகை உறுதியை வைத்துக் கையெழுத்திடப் போகிறீர்கள்.

அந்த 28 மாதமாவது உறுதியா? லாக்-இன் காலம், அதாவது ஒப்பந்தத்தை இடையில் முறிக்கக் கூடாத காலம், யாரைக் கட்டுகிறது என்று பாருங்கள். ‘வாடகைதாரர் மூன்று மாத நோட்டீஸ் கொடுத்து எப்போது வேண்டுமானாலும் காலி செய்யலாம்’ என்று ஒரு வரி இருந்தால், ஐந்து ஆண்டு என்பது உங்களை மட்டும் கட்டும் ஐந்து ஆண்டு. அவரைக் கட்டுவது மூன்று மாதம்தான். இந்த வரி பல ஒப்பந்தங்களில் நடுப்பக்கங்களில் எங்கோ இருக்கும்.

வாடகை உயர்வு பற்றிய வரியையும் இதோடு படித்துவிடுங்கள். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை 15 சதவீதம் என்றால் ஆண்டுக்கு 5 சதவீதம் ஏறுகிறது என்று சொல்லிவிடுவார்கள். கூட்டு முறையில் அது 4.8 சதவீதம்தான், அதுவும் மூன்றாண்டு பொறுத்த பிறகு.

உங்கள் வருமானத்தில் 55 சதவீதம் வங்கியிடமிருந்து வருகிறது. வங்கி நல்ல வாடகைதாரர், பெட்டக அறை, பாதுகாப்புக் கதவு என்று உள்ளே நிறையச் செலவு செய்திருக்கும், எளிதில் இடம் மாறாது. அதே சமயம் ஒரு வங்கி தன் கிளையை மூடுவதும் வேறு கிளையோடு இணைப்பதும் உண்டு. அது காலி செய்தால் வாடகை 36, செலவு 14, மிச்சம் 22. கடனை 394-ஆகக் குறைத்துக்கொண்டாலும் தவணை 48. ஆண்டுக்கு 26 கைப்பணத்திலிருந்து போகும். இதை எத்தனை மாதம் உங்களால் தாங்க முடியும் என்பதை இப்போதே குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

வங்கி இப்போது கொடுக்கும் வாடகை சந்தை வாடகைதானா என்பதும் முக்கியம். அக்கம்பக்கத்தில் அதே மாதிரித் தரைத்தள இடங்கள் என்ன வாடகைக்குப் போகின்றன என்று குறைந்தது மூன்று நான்கு இடங்களிலாவது விசாரியுங்கள். கேட்கும் வாடகையை விட்டுவிட்டு, அண்மையில் கையெழுத்தான வாடகையைக் கேளுங்கள். சந்தை வாடகை 34 என்று தெரிந்தால், புதுப்பிக்கும்போது 10 குறையும். நிகர வருமானம் 50. அதே 6 சதவீதத்தில் கட்டடத்தின் மதிப்பு 833. நீங்கள் 1,000 கொடுத்தால், இரண்டு ஆண்டுகளில் மறையப்போகும் வாடகைக்கு 167 கூடுதலாகக் கொடுத்தவராவீர்கள்.

மென்பொருள் நிறுவனத்தை நான் தனியாகப் பார்ப்பேன். விற்பனைக்கு வருவதற்குச் சற்று முன்னால் வந்திருக்கிறது. நேர்மையான வாடகைதாரராகவே இருக்கலாம். ஆனால் காலியான மாடியை விற்பதற்காகவே நிரப்புவதும், பட்டியலில் வாடகையைக் கூட்டிக் காட்டிவிட்டுத் தனிக் கடிதத்தில் பல மாத வாடகையைத் தள்ளுபடி செய்வதும் நடக்கிறது. வாடகை உண்மையிலேயே வங்கிக் கணக்கில் வந்திருக்கிறதா என்று பாருங்கள். மற்ற இருவருக்கும் இரண்டு ஆண்டு வரவைக் கேட்டு வாங்குங்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட நிறுவனம் எது என்பதையும் கவனியுங்கள். பெயர் பெற்ற தாய் நிறுவனத்தின் பலகை வாசலில் இருக்கும், கையெழுத்திட்டது மூலதனமே இல்லாத துணை நிறுவனமாக இருக்கும். தாய் நிறுவனத்தின் உத்தரவாதம் இல்லையென்றால் நீங்கள் அந்தத் துணை நிறுவனத்தை நம்பித்தான் கடன் வாங்குகிறீர்கள். அலுவலக இடங்களை நீண்ட கால வாடகைக்கு எடுத்து மற்றவர்களுக்குப் பிரித்து விடும் அமெரிக்காவின் வீவொர்க் நிறுவனம் 2023 நவம்பரில் திவால் பாதுகாப்பு கோரியபோது, அந்த நடவடிக்கை வழியாகவே பல கட்டடங்களின் நீண்ட கால ஒப்பந்தங்களிலிருந்து வெளியேறியது. ஒப்பந்தத்தில் எத்தனை ஆண்டு எழுதியிருந்தாலும், பணம் கட்டத் திராணி உள்ளவர்தான் அதைக் காப்பாற்ற முடியும்.

இவை எல்லாவற்றுக்கும் ஒரே கருவி உண்டு: வாடகைதாரர் உறுதிக் கடிதம். எஸ்டாப்பல் சான்று என்று வழக்கறிஞர்கள் சொல்வார்கள். இன்றைய வாடகை எவ்வளவு, எதுவரை கட்டியாயிற்று, முன்பணம் எவ்வளவு, ஒப்பந்தம் எப்போது முடிகிறது, தள்ளுபடியோ தனிக் கடிதமோ உண்டா, உரிமையாளரோடு தகராறு உண்டா என்று ஒவ்வொரு வாடகைதாரரும் தானே எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுப்பது. நீங்கள் வாங்கிய பிறகு ‘பழைய உரிமையாளர் எனக்கு வாடகையைக் குறைத்திருந்தார்’ என்று யாரும் வர முடியாதபடி இது காக்கும்.

முன்பணத்தை மறந்துவிடாதீர்கள். மூன்று பேரிடமும் ஆறு மாத வாடகையை முன்பணமாக வாங்கியிருந்தால் அது 40. காலி செய்யும்போது திருப்பிக் கொடுக்க வேண்டியவர் நீங்கள், ஆனால் பணம் விற்பவரிடம் இருக்கிறது. விலையில் அந்த 40-ஐக் கழித்துக்கொண்டுதான் பத்திரம் பதிய வேண்டும்.

கட்டடத்தைப் பொறுத்தவரை ஒரு பொறியாளரை அழைத்துச் சென்றால் கூரை, லிஃப்ட், மின் இணைப்புத் திறன் எல்லாவற்றையும் அவர் பார்த்துக்கொள்வார். உங்களிடம் சொல்ல வேண்டியது இரண்டுதான். பரப்பளவை நீங்களே அளந்து பாருங்கள். உள்ளே பயன்படுத்தக்கூடிய இடம், படிக்கட்டும் நடைவழியும் சேர்ந்த இடம் என்று இரண்டு கணக்கு ஓடும், வாடகை எந்தக் கணக்கில் என்று தெரியாமல் அக்கம்பக்கத்தோடு ஒப்பிட முடியாது. அடுத்தது, முதல் மாடியில் பயிற்சி மையம் நடத்த அந்தக் கட்டடத்துக்கு அனுமதி இருக்கிறதா என்பது. நிறையப் பேர் கூடும் இடத்துக்கு அவசர வழியும் தீயணைப்பு ஏற்பாடும் அலுவலகத்தைவிடக் கூடுதலாகத் தேவைப்படும். அனுமதி அலுவலகத்துக்கு மட்டும்தான் என்றால் அந்த 20 வாடகை எப்போது வேண்டுமானாலும் நின்றுபோகலாம். அதைவிட, அங்கே படிக்க வரும் பிள்ளைகளின் பாதுகாப்பு உங்கள் பொறுப்பாகிறது. இதில் மட்டும் விட்டுக்கொடுக்கவே வேண்டாம்.

வரி விஷயம் உங்கள் தணிக்கையாளர் பார்க்க வேண்டியது. யார் பெயரில் வாங்குவது என்பதைப் பதிவுக்கு முன்பே அவரிடம் பேசிவிடுங்கள்.

என் கருத்தைக் கேட்டால், இந்த விலைக்கும் இந்தக் கடன் அளவுக்கும் நான் வாங்கமாட்டேன். மொத்த முதலீட்டில் 7 சதவீதமாவது வர வேண்டும் என்று வைத்தால், 60-க்கு நீங்கள் போடக்கூடியது 857. வாங்கும் செலவைக் கழித்தால் விலை 800-க்குப் பக்கத்தில் வருகிறது. விற்பவர் 1,000-இலேயே நின்றால், வங்கியுடன் நீண்ட லாக்-இன் காலத்தோடு புதுப்பித்த ஒப்பந்தத்தை அவரே முடித்துக் கொண்டுவரட்டும். அப்போது 800-க்கு மேல் எவ்வளவு போகலாம் என்று பேசலாம். கடனை 400-க்குள் வையுங்கள், ஓராண்டுத் தவணையைத் தனியாக எடுத்துவையுங்கள். வாடகைதாரர்களிடம் உறுதிக் கடிதம் கேட்கவே கூடாது என்று விற்பவர் மறுத்தால், பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். விற்பவருக்கு அட்வான்ஸ் தொகை கொடுப்பது அந்த மூன்று கடிதங்களும் கைக்கு வந்த பிறகு இருக்கட்டும். முன்னதாகவே கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்றால், கடிதங்களில் உள்ளது பட்டியலோடு ஒத்துப்போகாவிட்டால் முழுத் தொகையும் திரும்பி வரும் என்று எழுதி வாங்கிக்கொண்டு கொடுங்கள்.